ஜெர்சியில் பிடிக்கிற சாயம் ஃபைபர் படகில் ஏன் பிடிக்காது? பழவேற்காடு கரையிலிருந்து ஒரு விளக்கம்

கபடி டீமா இருக்கட்டும், கிரிக்கெட் டீமா இருக்கட்டும், ஊர்த் திருவிழாவா இருக்கட்டும்... இப்போ எல்லாத்துக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட் அடிக்கிறாங்க. முன்னாடி ஊர்ப் பெயர், பின்னாடி ஆளோட பெயரும் நம்பரும். எத்தனை தடவை துவைத்தாலும் அந்தப் படம் உரியாது. கையால் தடவிப் பார்த்தால் மேலே எதுவும் ஒட்டின மாதிரியே தெரியாது. இதற்குப் பெயர்தான் சப்ளிமேஷன் பிரிண்டிங்.

திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கத்து மீனவ கிராமங்களில் இப்படி டீ-ஷர்ட் போட்ட இளைஞர்கள் ஏறிப் போவது ஃபைபர் படகில். அந்தப் படகும் அடிப்படையில் துணிதான். கண்ணாடியை இழையாக இழுத்து, அந்த இழையைத் துணியாக்கி, ரெசின் ஊற்றி இறுக வைத்தது. ரெசின் டப்பாவைப் பார்த்தால் 'பாலியஸ்டர்' என்று எழுதியிருக்கும். டீ-ஷர்ட்டும் பாலியஸ்டர்.

அப்போ ஒரு கேள்வி வரத்தானே செய்யும்? டீ-ஷர்ட்டில் அடிக்கிற மாதிரியே ஃபைபர் துணியிலும் படகு பெயரையும் சாமி படத்தையும் அடித்துவிட்டால், வருஷா வருஷம் பெயின்ட் செலவு மிச்சம் இல்லையா?

சுருக்கமான பதில்: நேரடியாக அடித்தால் பிடிக்காது. பிடிக்க வைக்க வழி இருக்கு. ஆனால் அந்த வழியைத் தெரியாமல் படகில் செய்தால் நடுக்கடலில் ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

சப்ளிமேஷன்னா என்ன?

பச்சைக் கற்பூரத்தை டப்பாவில் போட்டு மூடியைச் சரியாக மூடாமல் விட்டுப் பாருங்க. சில வாரத்தில் கரைந்து போயிருக்கும். உருகி வழிந்த தடம் எதுவும் இருக்காது. பீரோவில் போடுகிற அந்துருண்டையும் அப்படித்தான். திடப்பொருள் திரவமாகாமல் நேராக ஆவியாகிவிடுகிறது. இதைத் தமிழில் 'பதங்கமாதல்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்.

சில சாயங்களும் இப்படி ஆவியாகும். 'டிஸ்பர்ஸ் சாயம்' என்று அவற்றைச் சொல்வார்கள். தண்ணீரில் சரியாகக் கரையாத, மிகச் சின்ன மூலக்கூறு கொண்ட சாயங்கள் இவை. படத்தை முதலில் ஒரு காகிதத்தில் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி அச்சடிப்பார்கள். காகிதத்தைத் துணி மேல் வைத்து, ஹீட் பிரஸ்ஸில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிஷம் போல அழுத்துவார்கள். காகிதத்தில் இருந்த சாயம் ஆவியாகித் துணிக்குள் போய்விடும்.

1957-ல் பிரான்ஸில் ஜவுளித் துறையில் வேலை பார்த்த நோயல் டி பிளாஸ் என்பவர் பெயரில்தான் இந்த முறை பொதுவாகச் சொல்லப்படுகிறது. இன்று திருப்பூரில் ஸ்போர்ட்ஸ் உடை தைக்கும் இடங்களிலிருந்து சின்ன ஊர் ஸ்டுடியோவில் மக் பிரிண்ட் போடும் மெஷின் வரைக்கும் எல்லாம் இதே கணக்குதான்.

இதில் முக்கியமான விஷயம் 'துணிக்குள்' என்ற சொல். சாயம் துணியின் மேலே படிவதில்லை, இழைக்கு உள்ளேயே புகுந்துகொள்கிறது. பாலியஸ்டர் என்பது நீளமான சங்கிலி மூலக்கூறுகளின் கட்டு. சுமார் 70, 80 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சங்கிலிகள் கொஞ்சம் தளர்ந்து அசைய ஆரம்பிக்கும். 250 டிகிரிக்கு மேலே போனால் உருகிவிடும். 200 என்பது நடுவில் இருக்கும் நல்ல இடம். கதவு திறந்திருக்கும், ஆனால் வீடு இடியாது. அந்த இடைவெளிக்குள் சாய ஆவி நுழைகிறது. சூடு இறங்கியதும் சங்கிலிகள் இறுகி, சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் கையில் தட்டுப்படுவதில்லை, துவைத்தாலும் போவதில்லை.

பருத்தித் துணியில் இந்த வித்தை செல்லாது. டிஸ்பர்ஸ் சாயத்துக்குப் பருத்தி இழையில் தங்க இடமில்லை. இதைத் தெரியாமல் காட்டன் பனியனில் அடித்துக் கொடுத்து, முதல் துவையலிலேயே படம் மங்கி, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிய கடைகள் நிறைய இருக்கும்.

கண்ணாடித் துணியில் என்ன பிரச்னை?

ஃபைபர் துணியின் இழை மணலின் உறவுக்காரன். சிலிக்காவையும் வேறு சில கனிமங்களையும் உருக்கி, சின்னத் துளைகள் வழியாக இழுத்து எடுத்தது. ஒரு இழையின் தடிமன் தலைமுடியை விடப் பல மடங்கு குறைவு. மெல்லிசாக இருப்பதால் துணி மாதிரி வளைகிறது. ஆனால் ஒவ்வொரு இழையும் முழுக் கண்ணாடி.

கண்ணாடியில் சங்கிலி எதுவும் கிடையாது. சிலிக்கானும் ஆக்சிஜனும் நாலா பக்கமும் கைகோத்து நிற்கும் வலை அது. அந்த வலை தளர வேண்டுமென்றால் 800 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். ஹீட் பிரஸ் கொடுக்கிற 200 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்காகச் சூட்டை 800-க்கு ஏற்றலாமே என்றால், அந்தச் சூட்டில் சாயம் கருகி ஒன்றும் மிஞ்சாது.

அதனால் வெறும் கண்ணாடித் துணியில் அடித்தால் என்ன ஆகும்? காகிதத்திலிருந்து கிளம்பிய ஆவி இழை மேல் லேசாகப் படியும். வெளிறிய ஒரு நிழல் தெரியும். துணி தயாரிக்கும்போது இழை அறுந்துவிடாமல் இருக்க மேலே ஒரு பசை பூசுவார்கள், அந்தப் பசையில் கொஞ்சம் சாயம் பிடித்திருக்கும். தேய்த்தால் போய்விடும்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் டீ-ஷர்ட் பிரிண்ட் கடைக்கே போங்க. பிரஸ் பண்ணும்போது மேலே பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று ஒரு ஷீட் போடுவார்கள். 'டெஃப்லான் ஷீட்' என்பார்கள். அது என்ன தெரியுமா? கண்ணாடி இழைத் துணிதான், அதன் மேல் டெஃப்லான் பூச்சு. சூடு தாங்க வேண்டும், சாயமும் பசையும் ஒட்டக் கூடாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சப்ளிமேஷன் கடையில் கண்ணாடித் துணிக்கு உள்ள வேலையே சாயம் ஏற்காமல் இருப்பதுதான்!

அப்போ கண்ணாடித் துணியில் யாரும் கலர் போட்டதே இல்லையா?

போட்டிருக்காங்க. அது ஒரு நீளமான கதை.

1893-ல் அமெரிக்காவின் சிகாகோ உலகக் கண்காட்சியில் எட்வர்ட் லிபி என்ற கண்ணாடித் தொழிலதிபர், கண்ணாடி இழையும் பட்டும் சேர்த்து நெய்த ஒரு கவுனைக் காட்சிக்கு வைத்தார். பார்க்கத்தான் அழகு, போட்டுக்கொண்டு உட்கார முடியாது. 1938-ல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் உருவாகி, கண்ணாடி இழையைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தது. 1950-களில் அமெரிக்க வீடுகளில் கண்ணாடி இழைத் திரைச்சீலைகள் ஃபேஷன். தீப்பிடிக்காது, சுருங்காது, இஸ்திரி வேண்டாம்.

அதில் பூப்போட்ட டிசைன் எல்லாம் வந்ததே, எப்படி? இழைக்குச் சாயம் ஏற்றவில்லை. துணியை அதிக சூட்டில் பதப்படுத்திவிட்டு, மேலே ரெசின் பூசி, நிறமியை அந்த ரெசினில் பிடிக்க வைத்தார்கள். கலர் இருந்தது கண்ணாடியில் இல்லை, அதன் மேல் இருந்த தோலில்.

அந்தத் திரைச்சீலைகள் காணாமல் போனதற்குக் காரணம் அரிப்பு. துவைக்கும்போது உடைந்த நுண்ணிழைகள் வாஷிங் மெஷினில் தங்கி, அடுத்துப் போட்ட துணிகளில் ஏறிக்கொண்டன. கடைசியில் 1967-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமே, இந்தத் திரைகளைத் துவைத்தாலோ கையாண்டாலோ தோல் அரிப்பு வரலாம் என்று வாங்குபவருக்குச் சொல்லித்தான் விற்க வேண்டும் என விதி போட்டது. படகுப் பட்டறையில் ஃபைபர் மேட் வெட்டியவர்களுக்கு இந்த அரிப்பைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்கும் வழி அதேதான், பூச்சுதான் மாறியிருக்கு. கண்ணாடித் துணியின் மேல் பாலியஸ்டர் மாதிரியான ஒரு பாலிமர் பூச்சைக் கொடுத்துவிட்டால், சப்ளிமேஷன் சாயம் அந்தப் பூச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பீங்கான் மக்கில் படம் பிடிப்பதும் இப்படித்தான். பீங்கானுக்குச் சாயம் ஏறாது, மக்கின் மேல் பூசியிருக்கும் பூச்சுக்குத்தான் ஏறும். கடையில் 'சப்ளிமேஷன் மக்' என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது அதனால்தான். சூடே வேண்டாம் என்றால் யு.வி. இங்க் இருக்கு. புற ஊதா வெளிச்சம் பட்டதும் இறுகி, மேற்பரப்பில் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

தீப்பிடிக்கக் கூடாத இடங்களில் தொங்கவிடும் அச்சுத் துணிகள், ஜன்னல் பிளைண்டுகள் என்று பூசிய கண்ணாடித் துணிக்கு நல்ல சந்தை உண்டு. ஹஜ் போய் வந்தவர்கள் ஜெத்தா விமான நிலையத்தில் வரிசையாக நிற்கும் பிரம்மாண்டமான வெள்ளைக் கூடாரக் கூரைகளைப் பார்த்திருப்பார்கள். 1981-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஹஜ் முனையத்தின் கூரை டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணிதான். பாலைவன வெயிலில் இத்தனை வருஷம் நிற்கிறது.

பாலியஸ்டர் ரெசின்னு இருக்கே, அதில் பிடிக்காதா?

நியாயமான கேள்வி. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. டீ-ஷர்ட்டில் இருக்கும் பாலியஸ்டர் சூட்டில் தளரும், உருகும், மறுபடி இறுகும். படகு ரெசின் ஹார்ட்னர் சேர்த்தவுடன் சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று குறுக்கே கட்டிக்கொண்டு, ஒரே கட்டியாக இறுகிவிடும். திரும்ப உருகாது.

பூசி இறுகிய பாலிமர் என்பதால் சாயம் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் படகு கட்டும் சாதாரண ரெசின் 100 டிகிரிக்குக் கீழேயே விறைப்பை இழக்க ஆரம்பிக்கும். அதன் மேல் 200 டிகிரி தகட்டை அழுத்தினால் மேல்தோல் கொப்பளிக்கலாம். தண்ணீரில் கிடந்த படகு என்றால் உள்ளே ஈரம் இருக்கும், அது ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கும். இன்னொரு விஷயம், ஹீட் பிரஸ் தட்டை. படகின் அணியம் வளைவு. அழுத்தம் சமமாக விழாது.

இத்தனையும் மீறி அடித்தே விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்க. வெயில் இருக்கே! டிஸ்பர்ஸ் சாயம் வீட்டுக்குள், அல்லது துவையலில் நன்றாக நிற்கும். நாள் முழுக்கக் கடற்கரை வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர் அதைத் தின்றுவிடும். வெளியில் தொங்கவிட்ட கொடி, பேனர் சீக்கிரம் வெளிறுவதைப் பார்த்திருப்போம்.

சரி, ஃபைபர் படகுக்கு அந்த நீலமும் மஞ்சளும் எப்படி வருது? படகு கட்டும்போது கலர்தான் முதல் வேலை. அச்சுக்கு மெழுகு தேய்த்து, அதன் மேல் நிறமி கலந்த 'ஜெல்கோட்' அடிப்பார்கள். அது பாதி இறுகியதும் மேட், ரோவிங் என்று கண்ணாடித் துணி அடுக்குகளை ரெசினோடு ஏற்றுவார்கள். எல்லாம் இறுகிய பிறகு அச்சிலிருந்து படகைக் கழற்றினால், முதலில் அடித்த ஜெல்கோட் வெளித்தோலாக இருக்கும். ஜெல்கோட்டில் போடுவது நிறமி, அதாவது வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கிற கனமான துகள். சப்ளிமேஷன் சாயம் அதற்கு நேரெதிர், ஆவியாகும் அளவுக்கு இலகுவான மூலக்கூறு.

இந்தக் கரைக்கு ஃபைபர் எப்போ வந்தது?

தமிழகக் கடற்கரையில் ரொம்ப காலம் ஆட்சி செய்தது கட்டுமரம். 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடா திட்டம், அலையைத் தாண்டி மணலில் ஏறி இறங்கும் புது வகைப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. ஆனால் கரை முழுக்க ஃபைபர் பரவியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். போன கட்டுமரங்களுக்குப் பதிலாக நிவாரணமாக வந்ததில் பெரும்பகுதி ஃபைபர். அவசரத்தில் கட்டிக்கொடுத்த பல படகுகளின் தரம் பற்றி அப்போதே கேள்வி எழுந்தது.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாடும் ஆந்திராவும் பங்குபோட்டுக்கொள்ளும் இந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளோடு கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் மேல்கட்ட மோட்டார்களின் கூடும் இரும்பில் செய்ததில்லை. இழையும் ரெசினும் சேர்ந்த இதே இனத்துப் பொருள். ஏரியின் ஒரு பக்கம் மீன்பிடிப் படகு, இன்னொரு பக்கம் ராக்கெட். பட்டறைச் சூத்திரம் கிட்டத்தட்ட ஒன்று.

சாயத்தில் பழவேற்காடு பழைய கை

துணியில் கலர் பிடிக்க வைப்பது இந்த ஊருக்குப் புதுசே இல்லை. 400 வருஷத்துக்கு முன்னாடி டச்சுக்காரர்கள் இங்கே வந்து உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே துணிதான். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய முக்கியத் தளம் பழவேற்காடு. இங்கே வாங்கிய சாயத் துணியைக் கொண்டுபோய்த் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் கொடுத்து, மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அதே கப்பல்களில் அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்னும் 'காயின் பெலிகாட்' என்றுதான் பெயர். 'புலிகாட்' என்ற நம்ம பழவேற்காட்டின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள்.

அந்தக் காலத்துச் சிவப்புக்கு இந்தக் கரை மணலில் விளைந்த சாயவேர். பருத்தியில் சாயவேரை அப்படியே போட்டால் நிற்காது. கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, அதற்குப் பிறகு சாயத்தில் கொதிக்க வைக்க வேண்டும். படிகாரம்தான் இழைக்கும் சாயத்துக்கும் நடுவே கைபிடித்து நிற்கும் தரகர். கண்ணாடித் துணிக்கு இன்றைக்குப் பாலிமர் பூச்சு செய்கிற வேலையும் ஏறக்குறைய அதுதான்.

சரி, படகில் படம் வேணும்னா என்ன செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாதது. படம் அச்சடிக்க வசதியாகப் பூச்சு கொடுத்த கண்ணாடித் துணியை, படகின் உடல் கட்டும் அடுக்கில் சேர்க்கவே கூடாது. கண்ணாடித் துணியின் ஒவ்வொரு இழை நடுவிலும் ரெசின் ஊறிப் போனால்தான் படகுக்குப் பலம். அதற்காகவே படகுத் துணியில் ரெசினோடு சேரும் தனி ரசாயனப் பூச்சு இருக்கும். அச்சுக்கான பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். ரெசின் ஊறாது, மேலே மட்டும் நிற்கும். கரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அலையில் நாலு தடவை அடி வாங்கிய பிறகு அடுக்கு பிரியும். விலை குறைவு என்று பிளைண்டுக்கான துணி ரோலைப் படகு ரிப்பேருக்கு வாங்கினாலும் இதே கதைதான். கடையில் கேட்கும்போது 'பாலியஸ்டர் ரெசினுக்கு ஏற்ற துணியா?' என்று தெளிவாகக் கேளுங்க.

செய்யக்கூடியது ஒன்று இருக்கு. கடல் சறுக்குப் பலகை செய்பவர்கள் பல வருஷமாகச் செய்கிற வழி. மெல்லிய துணியிலோ காகிதத்திலோ படத்தைத் தனியாக அச்சடித்து, பலகை இறுகிய பிறகு அதன் மேல் வைத்து, நிறமில்லாத ரெசினால் மூடிவிடுவார்கள். படகிலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, உள்பக்கத்திலோ மேல்தட்டிலோ இப்படி ஒரு சின்னப் படம் பதிக்கலாம். பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் அடித்தும் செய்யலாம். அது அலங்காரம் மட்டும்தான், பலத்துக்கு எண்ணக் கூடாது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் நல்ல கரைப்பான். சாயத்தைக் கரைத்து இழுத்துவிடும் வாய்ப்பு இருப்பதால், முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டும் வேண்டும்.

பதிவு எண் விஷயத்தில் மட்டும் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் படகுக்குப் பதிவு உண்டு. 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு மாநிலவாரியாகப் படகுக்கு நிறக் குறியீடும் வந்தது. கடலோரக் காவல் படை தூரத்திலிருந்து படிக்கிற எண் அது, வெளிறினால் அவஸ்தை படகுக்காரருக்கு. பழைய மேற்பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உப்பும் எண்ணெயும் போகக் கழுவிக் காயவைத்து, பிரைமர் அடித்து, அதன் மேல் மரைன் பெயின்டில் எழுதுவதுதான் இன்றைக்கும் நம்பகமான வழி. படகு பெயின்ட் உரிவதற்குப் பெயின்ட்டைக் குறை சொல்கிறோம். பாதி நேரம் காரணம், உப்புப் படிந்த ஃபைபரைக் கழுவாமல் மேலேயே அடித்ததுதான்.

தேய்க்கும்போது பறக்கும் தூளில் கண்ணாடி இருக்கு. மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது, துகள் தடுக்கும் மாஸ்க் வேண்டும், முழுக்கை சட்டை வேண்டும். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. ரெசின் கலக்கும்போது ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே நிறைய நல்ல தண்ணீரில் நீண்ட நேரம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஹார்ட்னரையும், முன்கூட்டியே ரெசினில் கலக்கும் கோபால்ட் திரவத்தையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

ஹீட் பிரஸ் வாங்கித் தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கிற சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு வார்த்தை: படகு சந்தையை நம்பி வாங்க வேண்டாம். டீம் ஜெர்சி, திருவிழாக் கொடி, பள்ளி விளையாட்டு உடை, மக் என்று பாலியஸ்டரும் பாலிமர் பூச்சும் இருக்கிற பொருள்தான் அந்த மெஷினுக்குச் சோறு போடும். வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியாகப் பார்த்து வாங்குங்க. சப்ளிமேஷனில் வெள்ளைச் சாயம் கிடையாது. கறுப்பு பனியனில் அடித்தால் ஒன்றும் தெரியாது.